தினம் ஒரு பக்கம்

கன்னியப்பன் எழுதுகிற நேரத்தில் அந்த வீட்டில் குடத்தை நங்கென்று கீழே வைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் மீனாம்பாளுக்கு இது விளங்கவே இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்த மனுஷன் முகத்தைக் கழுவுவார், ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காலிப் பீப்பாய் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அதுதான் மேசை. ஒரு பக்கம் எழுதி முடிக்கிறவரைக்கும் காது கேட்காது, வாய் பேசாது.

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு விடியக்காத்தால ஜபம் பண்றாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள். கதை எழுதுகிறார் என்று சொல்ல மீனாம்பாளுக்கு வாய் வரவில்லை.

"ஏதோ கணக்கு போடறாரு" என்று சொல்லிவைத்தாள்.

ஆம்பூருக்கும் மின்னூருக்கும் நடுவே, ரயில் தண்டவாளத்துக்கும் பாலாற்றுக்கும் இடையில் அடங்கின ஊர். மழை இல்லாத ஆற்றில் மணலைவிடக் கருவேல முள்தான் அதிகம். காற்று கிழக்கே இருந்து அடித்தால் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றம் சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து உட்காரும். கன்னியப்பன் இளவட்டத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போட்டவர். பிறகு டிரம் செக்ஷனுக்கு மாறினார். மரத்தால் செய்த ராட்சத உருளைகள், உள்ளே தோலும் மருந்துமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். உருளை சுற்றுகிறவரைக்கும் ஆளுக்கு வேலை இல்லை, ஆனால் நகரவும் முடியாது. அந்த நேரத்தில்தான் மறுநாளைக்கு எழுத வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்.

எழுத உட்காருவது அவருக்கு லேசாக இருந்ததே இல்லை. சுண்ணாம்பு தின்ற விரல்கள் பனிக்காலத்தில் வெடித்து ரத்தம் கசியும். தேங்காயெண்ணெய் தடவினால் தாள் பாழாகிவிடும். அதனால் பேனாவுக்கு வேட்டிக் கிழிசலைச் சுற்றி வைத்திருப்பார். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்ததும் குளிக்கக்கூட மாட்டார். குளித்தால் தூக்கம் வந்துவிடும் என்று, அந்த நாற்றத்தோடேயே பீப்பாய் முன்னால் உட்காருவார். தூக்கத்தில் பேனா இழுத்துக்கொண்டு போன கோடுகள் அந்தப் பக்கங்களில் நிறைய இருக்கும். பாதி வரியில் நிறுத்திவிட்டு எழுந்திருப்பது அவருடைய இன்னொரு வழக்கம்.

"முடிச்சிட்டு எழுந்தா இன்னாய்யா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"முடிச்சிட்டா நாளைக்கு எதைப் புடிச்சிகினு ஏர்றது?" என்பார்.

எழுதாத நாளில் அவரிடம் பேசவே முடியாது. சோற்றில் கல் இருக்கும், குழம்பில் உப்பு கம்மியாக இருக்கும், செருப்பு இருந்த இடத்தில் இருக்காது. அதற்குப் பயந்துதான் மீனாம்பாள் அந்த நேரத்தைக் காவல் காத்தாளே தவிர, அந்த எழுத்தின்மேல் ஆசை வைத்து அல்ல. அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை. ஷூ கம்பெனியிலிருந்து ஏஜெண்டு மூட்டையில் கொண்டுவந்து போடும் அப்பர்களைக் கையால் தைப்பாள். ஷூவின் மேல்பாகம்தான் அப்பர். இரண்டு ஊசியை எதிரெதிராகக் கோத்து, மெழுகு நூலை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் பள்ளமே விழுந்துவிட்டது. அவர் கொட்டகையில், அவள் சமையற்கட்டு வாசற்படியில். ஒரே விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மகள் தமிழினி வளர்ந்து, நெமிலிக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அது மாறவில்லை.

கன்னியப்பனின் கதைகளை ஆற்காட்டிலிருந்து அருணகிரி என்பவர் நடத்தும் சிறுபத்திரிகை அச்சிட்டது. ஒரு புத்தகமும் வந்தது. ஊரில் அதைப் படித்தவர் ஒரே ஆள், சமீருல்லா பாய். அதே ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர். சிறுவயதிலிருந்தே தோஸ்த். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்கு வந்துவிடுவார். அந்த வாரம் எழுதினதைக் கன்னியப்பன் வாசிப்பார். பாய் கண்ணை மூடிக் கேட்பார். பிடித்த இடத்தில் தொடையைத் தட்டி "வாஹ்!" என்பார். பிடிக்காத இடத்தில் தாடியைச் சொறிவார். அந்தச் சொறிதலுக்காகவே கன்னியப்பன் பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டதை மீனாம்பாள் பார்த்திருக்கிறாள்.

கார்த்திகை மாசத்தில் ஒருநாள், டிரம் பக்கத்தில் நின்றிருந்த கன்னியப்பன் கூட இருந்தவனிடம் ஏதோ சொன்னார். அவனுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவன் சிரித்தான். அவர் சுவரைப் பிடித்து உட்கார்ந்தபோதுதான் சத்தம் போட்டான். சமீருல்லா ஓடிவந்து, கிடைத்த ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள்.

உயிருக்கு ஒன்றுமில்லை. கை காலும் விழவில்லை. அவரே எழுந்து நடந்தார், தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். மீனாம்பாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்புறம் கன்னியப்பன் அவளைப் பார்த்துப் பேசினார்.

"மீனா, அந்தத் தெரவு மேல கொழுவு வச்சிட்டியா? பன்னாட்டம் போனா சலவு ஏறாது பாரு."

குரல் அவருடைய குரல். இழுப்பு, நிறுத்தல், கேள்வி கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பது, எல்லாம் அவருடையதுதான். சொல் மட்டும் எந்த ஊர்ச் சொல்லும் இல்லை.

அந்த வார்டு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். "சொல்லுங்கள்லாம் சேர்ந்து இருக்குற இடம் மூளையில ஒண்ணு இருக்கும்மா. அங்கதான் அடி. வாய் நல்லாத்தான் இருக்கு, கையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் பேசுறது தப்புன்னு அவருக்கே தெரியாது. சரியாத்தான் பேசுறோம்னு நெனப்பார். நீங்க பேசுறதும் அவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும். எவ்ளோ தெளியும்னு இப்ப சொல்ல முடியாது."

"அவரு கதை எழுதுவாருங்க" என்றாள் மீனாம்பாள். இத்தனை வருஷத்தில் வெளி ஆளிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா அவள் தோளில் கையை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சில நாள் படுத்தே கிடந்தார். பிறகு ஒரு விடியற்காலையில் சொம்பு நகர்கிற சத்தம் கேட்டு மீனாம்பாள் விழித்தாள். பக்கத்தில் ஆள் இல்லை. பதறி ஓடிப் பார்த்தால் கொட்டகையில் விளக்கு எரிகிறது. பீப்பாய்மேல் அட்டை, அட்டைமேல் தாள், தாளின்மேல் அந்தக் கை ஓடிக்கொண்டிருந்தது. முன்பு யோசித்து யோசித்து நிற்கிற பேனா இப்போது நிற்காமல் ஓடியது. வழக்கமாக அவர் சிரிக்காத சிரிப்பு ஒன்று உதட்டில் இருந்தது.

கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. அவர் பல் தேய்க்கப் போனதும் தாளை எடுத்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கமா, புள்ளி, மேற்கோள் குறி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

'மருதியின் தொப்பலம் கரையேறி நின்றது. அவள் மெல்லத் துரப்பி, கூழாந்தை வழியே சேந்தினாள். "ஏன் இப்படி வலம்புகிறாய்?" என்று நெடுவன் ஒழித்தான்.'

பக்கம் முழுக்க அப்படியே. அவள் அந்தத் தாளை மறுபடி அட்டையில் செருகி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சமீருல்லா வந்தார். அவர் மனைவி நசீமுன்னிசா ஒரு தூக்கில் தால்ச்சாவும் குஸ்காவும் கொடுத்தனுப்பியிருந்தாள். கன்னியப்பன் தோஸ்தைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் உட்காரவைத்தார். வாசிக்க ஆரம்பித்தார். குரல் ஏறியது, இறங்கியது. மருதி பேசுகிற இடத்தில் பெண் குரல் வந்தது. ஓரிடத்தில் அவருக்கே கண் கலங்கியது. பாய் கண்ணை மூடியபடி இருந்தார். மூடின இமைக்குக் கீழே தண்ணீர் இறங்கித் தாடியில் போனது.

கன்னியப்பன் வாசித்து முடித்து நிமிர்ந்தார்.

"வாஹ்" என்றார் சமீருல்லா. தொடையைத் தட்டினார். "வாஹ், தோஸ்த்."

கன்னியப்பன் மீனாம்பாளைத் திரும்பிப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள்.

பாய் புறப்பட்டபோது அவள் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"பாய், நில்லுங்க. இன்னாத்துக்கு அப்படிச் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற மீனாம்மா?"

"ஒண்ணும் புரியலன்னு சொல்லலாம் இல்ல?"

"நீ சொன்னியா? நீயும்தான தலைய ஆட்டின."

"நான் பொம்பள, எனக்கு இன்னா தெரியும்? அவரு கதைய நான் எப்பக் கேட்டேன்? உங்கள நம்பித்தான அவரு எழுதறாரு. நீங்க தாடிய சொறிஞ்சாலே கிழிச்சிப் போடுறவரு."

"அதனாலதான் பயமா கீது. இப்பச் சொறிஞ்சா எதைக் கிழிப்பான் சொல்லு?" சமீருல்லா குரலை இறக்கினார். "அவன் மூஞ்சியப் பாத்தல்ல? ஷாப்புல வேலை இல்லன்னுட்டான். மாத்திரை, ஆஸ்பத்திரின்னு ஒரே பேஜார். அவனுக்கு எதுனா தெரியுதா? நாம எழுதறோம், தோஸ்த் கேக்குறான், நல்லாருக்குதுன்றான்னு நெனச்சிகினு கீறான், அவ்ளோதான். அல்லா எல்லாத்தையும் எடுத்துக்கினு அந்த ஒண்ண வுட்டு வச்சிகீறான். அத நான் புடுங்கணுமா?"

"அது இல்லவே இல்லியே பாய். அதான போச்சி."

ஒரு சரக்கு ரயில் கடந்தது. அது முழுசாகக் கடக்கிறவரைக்கும் இரண்டு பேரும் நின்றார்கள்.

"தமிழினி வயித்துல இருக்கச்சொல்ல, விடியக்காத்தால வலி எடுத்துச்சி" என்றாள் மீனாம்பாள். "போய்க் கூப்புட்டா, 'இதோ, இந்த ஒரு வரி'ன்னு கைய காட்டறாரு. குழாயடியிலயே உக்காந்துட்டேன். பக்கத்து வூட்டுக்காரிதான் வண்டி புடிச்சா. அன்னிக்கி சொன்னேன் பாய், இந்த எழுத்து வெளங்காமப் போவட்டும்னு. வாயாலயே சொன்னேன்."

"அரே, அதனாலயா வந்துச்சி? பைத்தியம் மாதிரிப் பேசாத."

"அதனால வர்ல. தெரியும். ஆனா சொன்னேன் இல்ல."

நெமிலியிலிருந்து தமிழினி போன் செய்தபோதெல்லாம் ஒரே பேச்சுத்தான். "அம்மா, அப்பாக்கிட்ட சொல்லிடுங்க. ஏமாத்தாதீங்க. நாளைக்கித் தெளிஞ்சா உங்க ரெண்டு பேரையும் மன்னிக்கவே மாட்டாரு."

"தெளியட்டும்டி. தெளியட்டும், பாத்துக்கலாம்."

தை போய், மாசி போனது. கன்னியப்பன் ஒருநாள்கூட விடாமல் எழுதினார். உடம்பு நல்லாயிருந்த காலத்தில்கூட இப்படி நாள் தவறாமல் எழுதினவர் இல்லை. ஷிப்ட் இல்லை, சைரன் இல்லை, விரல் வெடிப்புக்கூட ஆறிப்போய்த் தோல் மழமழவென்று ஆகியிருந்தது. இத்தனை காலமும் அவர் ஏங்கிக் கிடந்த வசதி எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தது. மீனாம்பாள் வாசற்படியில் அப்பரைத் தைத்தபடி அந்த முதுகைப் பார்ப்பாள். எழுதி முடித்ததும் அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமில்லாதது. முன்பெல்லாம் எழுதி முடித்து எழுந்தால் யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவர் மாதிரித்தான் இருப்பார்.

நடுவில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. "தண்ணி" சரியாக வந்தது. "சோறு" வந்தது. "மீனா" எப்போதும் இருந்தது. வேலூரில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண், அவர் சொல்வதைத் தப்பு என்று சொல்லாமல், சரியான சொல்லைப் பக்கத்திலேயே சொல்லிக் காட்டச் சொன்னாள். படம் போட்ட குழந்தைப் புத்தகம் ஒன்றையும் கொடுத்தாள், பார்த்துப் பார்த்து எழுத. பூனைப் படத்தைப் பார்த்துக் கன்னியப்பன் சிரித்தார். நான் யார் என்று தெரியாமல் கொடுக்கிறாள் என்கிற சிரிப்பு. அதை ஜன்னலில் செருகிவிட்டு வந்துவிட்டார்.

பங்குனிக் கடைசியில் அவர் எழுதினதையெல்லாம் அடுக்கி, ஓட்டை போட்டு நூலால் கட்டி, கவரில் போட்டு மீனாம்பாளிடம் நீட்டினார். "ஆற்... ஆற்காடு" என்றார். சொல் வந்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு தரம் சொன்னார். "அருணகிரி. போடு."

அவள் சமீருல்லாவைக் கேட்டாள். அனுப்பு, அருணகிரி புரிந்துகொள்வார் என்றார் பாய். அனுப்பாவிட்டால் ஏன் என்று கன்னியப்பன் கேட்பார், அதற்கு என்ன சொல்வது? அருணகிரிக்குப் போன் செய்து விவரத்தைச் சொல்ல நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "வாய் கொஞ்சம் குழறுதுங்க, பத்திரமா வச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவள் செய்த பிசகு.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருணகிரி நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனுஷர், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா டப்பா, தோளில் துணிப்பை. சமீருல்லாவும் அப்போது கொட்டகையில் இருந்தார். கன்னியப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"வாங்க சாரு. குந்துங்க. மீனா, தண்ணி... தண்ணி, மோரு."

"நல்லாப் பேசுறீங்களே" என்றார் அருணகிரி. மோரைக் குடித்தார். வெயிலைப் பற்றியும் ஆற்காட்டில் பாலத்தடியில் குப்பை எரிப்பதைப் பற்றியும் பேசினார். பிறகு பையிலிருந்து நூல் கட்டின தாள்களை எடுத்தார். மீனாம்பாள் அவருக்குப் பின்னால் நின்ற பாயைப் பார்த்தாள். பாய் வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினார். அருணகிரி அதைப் பார்க்கவில்லை.

"கன்னியப்பன், நான் உங்க கதைய வரி வரியாப் படிக்கிறவன். உங்களுக்குத் தெரியும். இதையும் படிச்சேன். மறுபடியும் மறுபடியும் படிச்சேன். ஏதோ புதுசா ஒரு பாஷையில முயற்சி பண்றீங்கன்னு மொதல்ல நெனச்சேன். ஆனா எனக்கு ஒரு வரியும் எட்டல. தபால்ல கேட்டா மரியாதையா இருக்காதுன்னுதான் நேர்ல வந்தேன். இத நீங்களே எனக்கு விளக்கணும்."

கன்னியப்பனுக்கு இதில் பாதி போய்ச் சேர்ந்ததோ என்னவோ, சந்தோஷமாகத் தலையாட்டினார். படிங்க என்று கையைக் காட்டினார்.

அருணகிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "மருதியின் தொப்பலம் கரையேறி நின்றது. அவள் மெல்லத் துரப்பி, கூழாந்தை வழியே சேந்தினாள்..."

கன்னியப்பன் சிரித்தார். அருணகிரி ஏதோ கோமாளித்தனம் பண்ணுகிறார் என்று நினைத்து, பாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இன்னா சாரு" என்றார். "சும்மா... கண்டபடி. படிங்க. சரியா."

அருணகிரி வாசிப்பதை நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மீனாம்பாளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். தாளை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"குடு" என்றார் கன்னியப்பன்.

"அப்புறமாப் பாத்துக்கலாம்யா" என்று மீனாம்பாள் இடையில் வந்தாள். அவர் அவள் கையைத் தள்ளிவிட்டுத் தாளை வாங்கினார். முதல் வரியில் விரலை வைத்தார். விரல் நகர்ந்தது. ஒரு சொல்லில் நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது. உதடு முணுமுணுத்தது. அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்தது. நடுவிலிருந்து ஒன்றை உருவினார். தகரக் கூரை வெயிலில் படபடவென்று விரிந்தது. அவர் முகத்தில் இருந்து ஏதோ ஒன்று வடிந்துகொண்டே இருந்ததை மீனாம்பாள் பார்த்துக்கொண்டு நின்றாள். தெளியட்டும் தெளியட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது இதைத்தானா?

கன்னியப்பன் தலையைத் தூக்கினார். அருணகிரியைப் பார்க்கவில்லை. சமீருல்லாவைத்தான் பார்த்தார். தொடையைத் தட்டினார்.

"வாஹ்" என்றார். துல்லியமாக வந்தது. "வாஹ். வாஹ், தோஸ்த்."

"கன்னி..." என்று பாய் எழுந்து வந்தார்.

"வாஹ்!" கன்னியப்பன் கத்தினார். மக்கன் பேடா டப்பா கவிழ்ந்து ஜீராப் பாகு தரையில் ஓடியது. அவர் மறுபடியும் மறுபடியும் தொடையைத் தட்டி அந்த ஒரு சொல்லையே சொன்னார். பாய் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கிப் போனார். பின்னால் போன அருணகிரி வாசலில் நின்று மீனாம்பாளிடம் கை கூப்பினார். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்றோடு எழுத்து நின்றது. கன்னியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். களி கிண்டிக் கீரைக் குழம்போடு வைத்தால் இரண்டு உருண்டை தின்பார், அதுவும் அவள் விடாமல் நின்றால். வார்த்தைகள் இன்னும் கொஞ்சம் வந்திருந்தன. வந்ததை அவர் செலவழிக்கவில்லை. "வேணாம்" மட்டும்தான். பயிற்சிக்கு வேலூருக்குக் கூப்பிட்டால் வேணாம். தமிழினி வந்து அழுதால் வேணாம். சமீருல்லா அடுத்த ஞாயிறு வந்து தெருவிலேயே நின்றார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். உள்ளே போய்ச் சொன்னால் கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பாயின் பேத்தி அலீனா கையில் தூக்கு மட்டும் வந்துபோனது. வைகாசிக்குமேல் அதுவும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் மூட்டை வாங்க ஏஜெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பிய மீனாம்பாள், கன்னியப்பன் தண்டவாளத்தின் ஓரமாகக் கருங்கல் ஜல்லியின்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் வண்டி வருகிற பக்கம் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுந்திருய்யா" என்றதும் எழுந்து பின்னால் வந்தார். அதைப் பற்றி அவள் எவரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தையலைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் அவளுக்கு மட்டும் தூக்கம் கலைந்துவிடும். அத்தனை வருஷம் அந்த நேரத்தில் விழித்துப் பழகின உடம்பு. குடத்தை நங்கென்று வைத்தால் கேட்க ஆள் இல்லை. பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டிக்கூடப் பார்த்தாள். சத்தம் போடாதே என்று ஒரு தரம் சொல்லமாட்டாரா என்று இருந்தது.

ஆடி பிறந்து காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. ஷாப்பு நாற்றத்தோடு ஆற்றுமணலும் வந்து பல்லில் நரநரத்தது. அப்படி ஒரு விடியலில் மீனாம்பாள் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எழுந்திரு."

"வேணாம்."

"எதுக்கு வேணாம்? எழுதத் தெரியாதா? ஆமா, தெரியாது. உனக்கு இப்ப ஒண்ணும் தெரியாது." அவளுக்கே தன் குரல் வேற்றாள் குரல் மாதிரி இருந்தது. "நீ எழுதினதெல்லாம் தப்பு. மொதோ நாளே பாத்தேன். படிச்சிட்டு அடுப்பு முன்னாடி உக்காந்து அழுதேன். உன்னண்ட சொல்லல. நீ சிரிச்சியேன்னு சொல்லல. பாயும் அதுக்குத்தான் சொல்லல. தலைய ஆட்டி ஆட்டி உன்ன முட்டாளாக்கிட்டோம். போதுமா?"

கன்னியப்பன் திரும்பிப் படுத்தார். மெதுவாகச் சொன்னால்தான் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"இனிமே ஆட்ட மாட்டேன். தப்புன்னா தப்புன்னு சொல்றேன். கேட்டுச்சா? தப்புன்னா, தப்பு. வா."

அவர் எழுந்தார். முகம் கழுவவில்லை, சொம்பை எடுக்கவில்லை. அவள் முன்னால் நடந்து பீப்பாயைத் துடைத்தாள். அதன்மேல் மணல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு, வாசற்படிக்குப் போகாமல் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அந்தப் பெருக்கெடுத்த ஓட்டமெல்லாம் போய்விட்டிருந்தது. கடைசியில் கல்லை நகர்த்துகிற மாதிரி எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பினார்.

'தேலோ.'

"இன்னா எழுதணும்னு நெனச்ச?"

அவர் தன் கையை மோந்து காட்டினார். பிறகு கிழக்கே ஷாப்பு இருக்கிற பக்கம் கையை நீட்டினார்.

"தோலா? தோல்." அவள் நிதானமாகச் சொன்னாள். "இது தோல் இல்ல. தப்பு."

அவர் அதைக் குறுக்கே அடித்தார். மறுபடி எழுதினார். திருப்பினார்.

"இல்ல. தப்பு."

அடித்தார். எழுதினார். நெருங்கி வந்திருந்த ஒன்றைச் சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது. ஒரு எழுத்துதான் பிசகு. யாருக்குத் தெரியப்போகிறது? அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு" என்றாள்.

விடிந்துவிட்டது. ஷூ கம்பெனி பஸ் பெண்களை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி ரோட்டில் போனது. பக்கத்து வீட்டில் குழாயடிச் சண்டை தொடங்கியது. தாளில் மேலிருந்து கீழ் வரைக்கும் அடித்த கோடுகளாகவே இருந்தன, நிற்கிற சொல் ஒன்றுகூட இல்லை. வெடிப்பு ஆறின விரலில் பேனா அழுத்தின இடம் சிவந்துபோயிருந்தது. கன்னியப்பன் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தின் மேல்மூலையில் முதலிலிருந்து ஆரம்பித்தார். தைக்க வேண்டிய மூட்டை வாசற்படியில் அவிழ்க்காமலே கிடந்தது. மீனாம்பாள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.